பீலித் தண்ணி

டெவன் அருவிக்கு எதிர் வளைவில்
வான் நின்றபோது
அருவியைவிடக் கூடுதலாய்ப் புகைந்தது எங்கள் பொனட்.
பதினொரு பிள்ளைகள். முதல் பாடம் கணக்கு.
அதனால் அவர்களுக்குப் பெரிய கவலை இல்லை.

மூடியைத் தொடாதே, தொடாதே என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
போன வருஷம் தொட்டவள் நான்.
முழங்கைக்குக் கீழே இன்னும் இருக்கிறது
இலங்கைப் படம் போல ஒரு தழும்பு,
யாழ்ப்பாணம் மட்டும் கொஞ்சம் கோணலாய்.

நிஸ்தார் பாஸ் ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தார்.
சாயம் கூடின தேத்தண்ணி நிறத்தில் கொட்டியது,
கடைசியில் துருவும் மண்ணும் மண்டியாக.
"என்ன ஊத்தின?"
"பீலித் தண்ணி."
"அஞ்சு வருஷமா?"
"அஞ்சு வருஷமும். நாங்க குடிக்கிற தண்ணிதானே, பாஸ்."
"நீ குடி. இரும்புக்குக் குடுக்காத."
விரலை வைத்தார் தகட்டு வரிசையில்;
நமத்துப்போன பிஸ்கட்டாய் உதிர்ந்தது.

பிறகு ஹோஸைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார்.
தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தில்
வெறும் ஓட்டை.
முந்தின பாஸ் பிடுங்கி எறிந்திருக்கிறான்,
"இந்த நாட்டுக்கு அது தேவைப்படாது" என்று.
எந்த நாட்டுக்கு?
ஜனவரி விடியலில் புல்லின் மேல்
உப்புக் கொட்டினாற்போல் பனி உறைந்து கிடக்கிறதே,
இது எந்த நாடு?

பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில்,
கொண்டக்டர் சீட்டுக்கு அடியில் சாக்குப்பையில்
வந்து சேர்ந்தது வேறொன்று.
பழையதுதான், ஆனால் நேராக நின்றது.
இந்த மாத லீசிங் காசு அதில் போயிற்று.
மிச்சத்துக்குக் காதில் கிடந்தது போயிற்று.

ஹட்டன் கடையில் போத்தல்கள்:
பச்சை, சிவப்பு, தூரத்தில் ஒரு நீலம்.
பச்சை, எண்ணூறு ரூபாய் மலிவு.
"எல்லாம் ஒண்ணுதான் அக்கா, கலர் மட்டும்தான் வேற."
ஜோர்தானில் ஆறு வருஷம்
பிறர் வீட்டுத் துணி துவைத்தவள் நான்.
கலர் மட்டும்தான் வேற என்று
யாராவது சொன்னால்
போத்தலைத் திருப்பிப் பொடி எழுத்தை வாசிப்பேன்.

பாஸுக்குப் போன் போட்டேன்.
"நிறத்தை நம்பாத. நிறம் கம்பனிக்காரன் கரைச்ச சாயம்.
அலுமினியத்துக்கு ஆகும்னு போட்டிருக்கா, பாரு.
ஒண்ணை எடுத்தா அதையே ஊத்து கடைசி வரைக்கும்.
ரெண்டையும் கலந்தா
உள்ள களி கிண்டின மாதிரி ஆயிரும்."
சிவப்பை எடுத்தேன்.
பாதிக்குப் பாதி பெட்டரித் தண்ணி.
கராஜுக்குப் பின்னால் பீலி
தன்பாட்டில் ஊற்றிக்கொண்டிருந்தது.
அதைப் பார்க்கக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது எனக்கு.

காற்று வெளியேற வேண்டும் என்றார் பாஸ்,
மூடியைத் திறந்து வைத்து, எஞ்சினை ஓடவிட்டு.
குமிழ், குமிழ், பிறகொரு பெரிய ஏப்பம்.
"ஹீட்டரைப் போடு."
"இதில ஹீட்டர் இல்ல, பாஸ்."
"இருக்கு. குழாயை மடக்கிக் கட்டி வச்சிருந்தான்.
அவுத்துட்டேன்."

வாங்கிய நாளிலிருந்து
ரிப்பன் கொழுவி வைத்திருந்த பொத்தான்.
திருப்பினேன்.
முதலில் தூசி. எங்கேயோ ஒரு குளிர்நாட்டின்
காய்ந்த இலைத் துணுக்கு ஒன்று மடியில் விழுந்தது.
பிறகு, சூடு.

மறுநாள் ஆறரை மணி, மழை.
முன்சீட்டில் யோவிதா
நனைந்த சொக்ஸைக் கழற்றி
காற்று வரும் துவாரத்தில் தொங்கவிட்டாள்.
ஒன்றும் கேட்கவில்லை, எப்போதும் அது
அங்கே இருந்ததைப்போல.
வான் முழுக்கச் சொக்ஸ் மணம்.

டெவன் வளைவில் நான் அருவியைப் பார்க்கவில்லை.
லீசிங்காரனின் அழைப்பு இரண்டு தரம் அடித்து ஓய்ந்தது.
ஊசி நடுவிலேயே நின்றது.